எங்களை உட்கார வைத்த நாற்காலியார்

ஒரு ஊருக்கே உட்காரச் சொல்லிக்கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் நாற்காலியார். நீந்தச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், சைக்கிள் விடச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, "இப்ப முதுக நேரா வச்சுக்கிட்டு, பின்பக்கத்தை மெதுவாக் கீழ எறக்கு" என்று பாடம் நடத்தியவர் அவர் ஒருத்தர்தான். நானும் அவரிடம் படித்தவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத எனக்கு வாத்தியார் என்று ஒருத்தர் வாய்த்தது அப்படித்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஓட்டுச்சாவடியில் ஒரு தடவை அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். அவரும் பார்த்தார். "யாருடா அந்த ஆளு, நம்ம ஊர்ல?" என்று என்னையே கேட்டார். பின்னால் நின்றவர் முதுகில் இடித்து, "நாற்காலியாரே, உங்களத்தான்" என்று சொன்ன பிறகுதான் மை வைக்க விரலை நீட்டினார்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தஞ்சாவூர் ஜில்லா என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சைப்பசேல் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பச்சை எங்கள் மேட்டுக்குக் கீழே இருந்தது. எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தில் இருக்கிறது என்று சர்க்கார் சொல்லும். காவிரி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. வாய்க்கால் மேட்டடி வரைக்கும் வரும், எங்களை ஒரு பார்வை பார்க்கும், அப்படியே மிராசுதார் வயல் பக்கம் திரும்பிப் போய்விடும். மேட்டில் எங்களுக்குக் கேழ்வரகு, கடலை, அதுவும் மழை மனசு வைத்தால். மற்றபடி நடவுக்கும் அறுப்புக்கும் கீழே இறங்கி, மிராசுதார் சேற்றில் குனிந்து நின்றுவிட்டு, சாயங்காலம் மேடேறி வருவோம்.

அந்த மேட்டில் இருந்த ஒரே தண்ணீர் நாவல்குளம். கரையில் ஒரு பெரிய நாவல் மரம் நின்றதால் அந்தப் பெயர். எங்கள் ஊரே அதில்தான் குடித்தது, குளித்தது, மாட்டைக் கழுவியது. திடீரென்று ஒரு வருஷம், மிராசுதார் கரையைச் சுற்றித் தென்னம்பிள்ளை வைத்து முள்வேலி போட்டுவிட்டார். குளம் தன்னுடைய பட்டா நிலம் என்றார். எங்கள் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மதகு வரைக்கும் நடந்தார்கள். கோடையில் வாய்க்கால் காய்ந்தால், மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பினார்கள். ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு சண்டை முடிந்து அடுத்த சண்டை ஆரம்பித்துவிடும்.

மிராசுதாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கையோங்கினதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அவருக்கு ஒரு இருமல் இருந்தது. வெண்கலப் பானையை உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். அவர் பாதை வளைவில் வருவதற்கு முன்னாலேயே இருமல் வந்துவிடும். அதைக் கேட்டதும் எங்கள் ஊரில் உட்கார்ந்தவன் எழுந்துவிடுவான், தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விடும், வாயில் இருந்த வெற்றிலை விழுங்கப்பட்டுவிடும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அம்மா வயிற்றுக்குள்ளேயே கற்றுக்கொண்டு வந்துவிடுவோம் போலிருக்கிறது. ஒரு தடவை அவர் வீட்டு எருமைக்குச் சளி பிடித்து அது இருமியது. அப்போதும் நான் எழுந்து நின்றேன். எருமை என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாற்காலியார் கதைக்கு வருகிறேன்.

அவர் டவுனில் ஒரு வாடகைக் கடையில் சுமை தூக்கினார். கடைக்காரர் ஒரு பாய். சாமியானா, பெட்ரோமாக்ஸ், அண்டா, மடக்கு நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுவார். ஆட்சி மாறின புதுசு அது. தெருவுக்குத் தெரு கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலி. பாய் கல்யாணத்தில் சம்பாதித்ததைவிடக் கூட்டத்தில் சம்பாதித்தது அதிகம். நாற்காலியார் வண்டி வண்டியாக இரும்பு நாற்காலி ஏற்றிக்கொண்டு போய் விரிப்பார், கூட்டம் முடிந்ததும் மடக்கிக் கொண்டுவருவார். மனிதர்கள் எழுந்துபோன பிறகு காலி நாற்காலியைப் பார்த்தே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவதாகப் பீற்றிக்கொள்வார். "இது பொண்ணைப் பெத்தவரு. நுனியிலயே உக்காந்திருந்தாரு பாரு" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் முறைப்பார். பாதி புளுகு. ஆனால் அந்தப் புளுகைக் கேட்கத்தான் நாங்கள் போவோம்.

ஒரு நாள் கூட்டத்தில் பேசின பெரிய மனிதர், இனிமேல் எல்லாரும் சமம், நிற்கிறவர்கள் எல்லாரும் உட்காருங்கள் என்றாராம். எல்லாரும் உட்கார்ந்தார்களாம். நாற்காலியார் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறார். நின்றவர் அவர் ஒருத்தர்தான்.

"எத்தனை ஆயிரம் நாற்காலி தூக்கியிருப்பேன், ஒண்ணுலயும் உக்காரணும்னு தோணவே இல்லியேடா!" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. போய் உட்கார்ந்துவிட்டார். பாய் அதைப் பார்த்தாராம். ஒரு டீ வாங்கி அனுப்பினாராம்.

அன்றைக்குப் பிடித்தது பித்து. கால் ஒடிந்தது, ஆணி கழன்றது, பாய் வேண்டாம் என்று ஒதுக்கினது எல்லாவற்றையும் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். பனைநார் கட்டினார், கம்பி முறுக்கினார், பலகை அடித்தார். அவர் குடிசையில் அவர் படுக்க இடம் இல்லை, நாற்காலிக்கு இடம் இருந்தது. தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டார். ஒரு பழைய மர நாற்காலி. ஒரு கால் குட்டை. வலது பக்கம் சாய்ந்தால் போச்சு. "நல்லதா ஒண்ணு எடுத்துக்கக் கூடாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"கூட்டம்னு இருந்தா ஒரு நாற்காலி ஆடத்தான்டா செய்யும். யாராவது ஒருத்தன் அதுல உக்காந்துதானே ஆவணும்? அது நானா இருந்துட்டுப் போறேன்" என்றார்.

குளத்துச் சண்டை இதற்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது. கீழே நாகப்பட்டினம் பக்கத்தில் எல்லாம் கூலிக்காகக் கொடி பிடித்து, அடிதடி, கோர்ட்டு என்று பெரிய பெரிய சங்கதிகள் நடப்பதாகப் பேசிக்கொள்வார்கள். எங்கள் மேட்டில் கொடி நட யாருக்கும் தைரியம் இல்லை. மனு மட்டும் போட்டிருந்தோம். விசாரணைக்குத் தாசில்தார் வருவார். வந்து மிராசுதார் வீட்டுக் கூடத்தில் உட்கார்வார். நாங்கள் வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நிற்போம். நடுவில் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை உள்ளுக்கும் வெளிக்கும் நடப்பார். எங்களிடம் வந்து, "என்னடா, குளம் ஐயாவோடதுதானே?" என்பார். நாங்கள் தலையைச் சொறிவோம். சொறியும்போது தலை ஆடும். அவர் உள்ளே போய், "அவங்களே ஒத்துக்கிட்டாங்க சார்" என்பார். தாசில்தார் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த விசாரணைக்கும் அதே காபி, அதே சொறி.

இதைப் பார்த்து நாற்காலியார் ஒரு முடிவுக்கு வந்தார். எங்களை எல்லாம் கூட்டிவைத்துச் சொன்னார்:

"நின்னுக்கிட்டு இருக்கறவனால 'இல்லே'ன்னு சொல்ல முடியாதுடா. நின்னாலே தலை தானா ஆடும். உக்காந்துட்டுச் சொல்லணும். அதுக்கு மொதல்ல உக்காரத் தெரியணும்."

"உக்காரத் தெரியாமத்தான் இத்தனை வருசமா இருக்கமா?" என்றது ஒரு குரல். காத்தாயி அக்கா. எங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண்கள் கொத்துக்கு அதுதான் தலைவி. அது குலவை போட்டால் அடுத்த ஊரில் மாடு திரும்பிப் பார்க்கும். வாயும் அப்படித்தான்.

"தெரியும்னா வந்து உக்காரு பாப்பம்" என்று ஒரு நாற்காலியைத் தள்ளினார்.

அக்கா வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி, இரண்டு காலையும் மேலே வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. வரப்பில் கொக்கு உட்கார்ந்த மாதிரி.

"காலைக் கீழ தொங்கப்போடு அக்கா."

"எதுக்கு? கால் என்ன புடலங்காயா, தொங்கப்போட?"

கடைசி வரைக்கும் அது தொங்கப்போடவே இல்லை. பொழுது சாய்ந்து வேலை விட்டு வந்ததும் எங்களுக்குப் பாடம் நடக்கும். அம்மாசி மாமா என்று ஒருத்தர், நாற்காலி நுனியில் ஒரு விரல்கடை மட்டும் வைத்து உட்கார்வார். கேட்டால், "மிச்ச எடம் வேற யாருக்காச்சும் வேணுமே" என்பார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தால் மாப்பிள்ளை மாதிரி இருந்தது, கைப்பிடியில் வைத்தால் மிராசுதார் மாதிரி இருந்தது. கடைசியில் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்வது ஒருவாறு வந்துவிட்டது. உட்கார்ந்தே இருப்பதுதான் வரவில்லை. நாற்காலியார் பாயிடம் கடன் வாங்கின ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, வளைவில் போய் நின்று மிராசுதார் மாதிரியே இருமுவார். அச்சு அசல். அவ்வளவுதான், வரிசை முழுக்க விருட்டென்று எழுந்து துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

"டேய், நான்டா! நாற்காலிடா!"

"தெரியுது அண்ணே. காலுக்குத் தெரியலியே" என்பேன்.

திட்டினார். கெஞ்சினார். எங்கள் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். அப்போது எங்களுக்கு அவர் சொன்னது கேட்கவில்லை, இருமல் மட்டும் கேட்டது. காலைத் தரையோடு அழுத்திக்கொள்ளச் சொன்னார். எழும்போது தரையை இன்னும் நன்றாக உதைத்துக்கொண்டு எழுந்தோம். தாசில்தார் வரும் நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நாற்காலி ஏற்றி இறக்கிப் பழகின ஆளுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை.

"வண்டியில ஏத்தின நாற்காலிய என்ன பண்றோம்? பள்ளத்துல துள்ளி விழாம இருக்கக் கயிறு போட்டுக் கட்டுறோம்ல. மனுசனையும் கட்டிப்புடுவோம்."

ஆண்களுக்கு இடுப்போடு நாற்காலியைச் சேர்த்துக் கயிறு, மேலே துண்டால் மறைப்பு. பெண்கள் பக்கம் கயிற்றோடு வந்தபோது காத்தாயி அக்கா, "கிட்ட வந்தே, அந்தக் கயித்தாலயே உன்னைய நாவமரத்துல கட்டிருவேன்" என்றது. பெண்களை விட்டுவிட்டார்.

அடுத்த யோசனை இதைவிடப் பெரியது. மிராசுதார் வீட்டில் எங்களை எப்படி உட்கார வைக்கப் போகிறார் என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தோம். அவர் பாயிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"பாய், சாமியானா ஒண்ணு வேணும். நாப்பது அம்பது நாற்காலி. ஒரு மேசை, மேல விரிக்க வெள்ளைத்துணி."

"கல்யாணமா, மாநாடா?"

"உக்கார்றதுக்கு பாய்."

பாய் நோட்டில் எழுதிக்கொண்டார். "பூ ஜாடியும் எடுத்துட்டுப் போ. மேசைன்னா பூ ஜாடி இருக்கணும்" என்றார்.

விசாரணை நாளன்று காலையில், மிராசுதார் வீட்டுக்குப் போகும் பாதையில், நாவல்குளத்தை ஒட்டி, சாமியானா எழும்பியது. மேசை, வெள்ளைத்துணி, பூ ஜாடி. எதிரே வரிசை வரிசையாக நாற்காலி. "சர்க்காருக்கு முகவரி எல்லாம் கெடையாதுடா. எங்க மேசை போட்டிருக்கோ அங்க எறங்கிரும்" என்றார் நாற்காலியார். நாங்கள் நம்பவில்லை. ஜீப் வந்தது. சாமியானாவைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. நின்றது. தாசில்தார் இறங்கினார், நேராக வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பூவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த டவாலிச் சேவகனும் பக்கத்தில் நின்றுகொண்டான். இடம் இது இல்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எல்லாருக்கும் வேர்த்தது. தாசில்தார் எங்களை ஒரு தடவை பார்த்தார். கொஞ்சம் வியப்பாகப் பார்த்த மாதிரித்தான் இருந்தது.

வீட்டில் காபியோடு காத்திருந்த மிராசுதாருக்கு ஆள் போய்ச் சொல்லியிருக்கிறான். வளைவில் இருமல் கேட்டது.

என்ன சொல்ல! கயிறு பிடித்தது. எங்கள் காலும் விடவில்லை. இரண்டும் சேர்ந்து, வரிசை முழுக்க ஆண்கள் எல்லாரும் நாற்காலியை முதுகில் ஒட்டிக்கொண்டு எழுந்து நின்றோம். நிமிர முடியவில்லை. குனிந்தபடி, நத்தைகள் மாதிரி. அம்மாசி மாமா நாற்காலி எழும்பும்போதே மடங்கி அவர் வேட்டியைக் கவ்விக்கொண்டது. "ஐயோ, புடிச்சிருச்சு, புடிச்சிருச்சு" என்று அவர் சுற்றிச் சுற்றி வந்ததில் பின்னால் இருந்த இரண்டு பேருக்கு நாற்காலிக் கால் இடித்தது. பெண்கள் சும்மா எழுந்தார்கள். ஆனால் எழுந்தார்கள். நான் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். தன் ஆடும் நாற்காலியில் கயிறில்லாமல் உட்கார்ந்திருந்த எங்கள் வாத்தியார், நாற்காலியார், தானும் எழுந்து நின்றார். துண்டு கக்கத்தில் இருந்தது.

எழாமல் இருந்தது காத்தாயி அக்கா மட்டும்தான். தைரியத்தில் என்று பிற்பாடு எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். அது என்னிடம் சொன்ன காரணம் வேறு: "குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தேன்டா. எழுந்தா குப்புற விழுந்திருப்பேன்."

தாசில்தார் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்சம் அடங்கின பிறகு, "எல்லாரும் உட்காருங்க. தயவுசெஞ்சு உட்காருங்க" என்றார். நாங்கள் உட்கார்ந்தோம். எங்களிடம் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. தடதடவென்று அத்தனை நாற்காலியும் தரையில் இறங்கியது.

மிராசுதார் கணக்குப்பிள்ளையோடு சாமியானாவுக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். அவருக்கு நாற்காலி இல்லை. நாற்காலியார் அத்தனை கணக்குப் போட்டவர், இந்த ஒன்றை மறந்துபோனார். அந்த ஜில்லாவில் முதல் தடவையாக மிராசுதார் நின்றுகொண்டிருக்க, எங்கள் ஊர் உட்கார்ந்திருந்தது. அம்மாசி மாமா மறுபடி எழப் பார்த்தார், நாற்காலி விடவில்லை.

அப்போது நாற்காலியார் விறுவிறுவென்று எழுந்தார். பின்வரிசையில் தனக்கென்று வைத்திருந்த அந்த மர நாற்காலியைத் தூக்கி வந்து, மிராசுதாருக்குப் பின்னால் போட்டு, துண்டால் தட்டினார்.

"உக்காருங்கய்யா. வலது பக்கம் மட்டும் சாஞ்சுடாதீங்க. இருமுனாலும் மெதுவா இருமுங்க. கால் கொஞ்சம் குட்டை."

மிராசுதார் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதுகு விறைத்துப்போனது. முகத்தைப் பார்க்க வேண்டுமே, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் நிற்கிற மாதிரி. எங்கள் பெண்களுக்கு அந்த முகம் நன்றாகப் பழக்கம்.

தாசில்தார் கேட்டார்: "குளம் யார் அனுபவத்துல இருந்துது?"

கணக்குப்பிள்ளை வழக்கம்போல எங்கள் பக்கம் ஒரு எட்டு வைத்துத் திரும்பி, "அவங்க என்ன சொல்றாங்கன்னா சார்..." என்று ஆரம்பித்தார்.

"நான் உக்காந்துதானே இருக்கேன்? என்னையவே கேக்கச் சொல்லு" என்றது காத்தாயி அக்கா.

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

அக்கா தாசில்தாரைப் பார்க்கவில்லை. மிராசுதாரைப் பார்த்தது.

"சின்னையா, நீங்க சின்னப்புள்ளையில அந்தக் குளத்துல விழுந்தீங்களே, ஞாபகம் இருக்கா? நாவப்பழம் பொறுக்க வந்து?"

மிராசுதாருக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றது தெரிந்தது. விழுங்கினார்.

"தூக்கினது எங்கப்பன். எங்கப்பன் அங்க எதுக்கு நின்னான்? உங்க தென்னைக்குக் காவலுக்கா? அப்பதான் தென்னையே கெடையாதே. குளிக்கப் போயிருந்தான். நாங்க எல்லாரும் அங்கதான் குளிச்சோம், அங்கதான் குடிச்சோம். நானும் கரையிலதான் நின்னேன். உங்களைத் தலைகீழாப் புடிச்சு உலுக்குறாங்க, தண்ணி வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. எங்க ஆத்தா வாயில கையை வச்சுக்கிட்டு, 'அடி ஆத்தே, இந்தப் புள்ள நம்ம குளத்தையே குடிச்சிருச்சேடி'ன்னு சொல்லிச்சு. அன்னைக்கு அறியாத வயசு. இப்பவும் குடிக்கப் பாத்தா எப்புடி சின்னையா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, ஆனால் யார் முதலில் என்று தெரியவில்லை. தாசில்தார் மிராசுதார் பக்கம் திரும்பினார்.

"இது நடந்ததா சார்?"

மிராசுதார் முகம் சிவந்தது. இருமல் மேலே வருவதும் அவர் அதைக் கீழே தள்ளுவதும் கழுத்தில் தெரிந்தது. நாற்காலி கிறீச்சென்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மிச்சத்தைக் கணக்குப்பிள்ளை கவனித்திருப்பார். அவர் காத்தாயி அக்காவைப் பார்த்தார். அது கொக்கு மாதிரி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்கவில்லை.

"நடந்தது" என்றார். உதடு மட்டும் அசைந்தது. கொஞ்சம் பொறுத்து, "அவ அப்பன் இல்லேன்னா நான் இல்லே" என்றார்.

"எங்க கணக்குலயும் புறம்போக்குன்னுதான் இருக்கு. இவங்க வாயால வரட்டும்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன்" என்று தாசில்தார் எழுந்தார். "வேலியை எடுத்துடச் சொல்லுங்க சார்."

மிராசுதார் மெதுவாக, இடது பக்கமாகவே எழுந்தார். எழுந்து நாலடி தள்ளிப் போனதும், அதுவரை அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் சேர்ந்து வந்தது பாருங்கள், நாவல் மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தது. நாங்கள் மறுபடி எழுந்தோமா என்று கேட்பீர்கள். பாதிப் பேர் எழுந்தோம். பாதிப் பேர் எழவில்லை. நான் எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேலி அந்த வாரத்திலேயே போனது. தென்னம்பிள்ளைகளை அப்படியே விட்டுவிடச் சொன்னது காத்தாயி அக்காதான். "அது என்ன பண்ணிச்சு? அதுவும் குடிச்சுட்டுப் போவுது" என்றது. முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அது கரையேறியபோது போட்ட குலவையில் எனக்கு இந்தப் பக்கத்துக் காது ரொம்ப நாள் சரியாகக் கேட்கவில்லை. இப்போது இரண்டு காதும் சரியில்லை என்பது வேறு.

மிராசுதார் ஆள் மூலம் ஒரே ஒரு சேதி சொல்லியனுப்பினார்: "அந்த ஆட்டம் போடுற நாற்காலிய அடுப்புல வைக்கச் சொல்லு." நாற்காலியார் வைக்கவில்லை. காலையும் சரி பண்ணவில்லை.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வெகுகாலம் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் இருந்தது. அவர் வேண்டுமென்றேதான் அந்த நாற்காலியைப் போட்டார், பெரிய ஆளுய்யா அவர் என்று ஒரு கட்சி. இல்லை, பயத்தில் காலைப் பிடிக்கப் போன மாதிரி ஓடினார், நம் அதிர்ஷ்டம், கால் குட்டையாக இருந்தது என்று இன்னொரு கட்சி. துண்டு கக்கத்தில் இருந்ததை நானே பார்த்தேனே. டீக்கடையில் இதற்காக இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து மறுபடி சேர்ந்த கதையெல்லாம் உண்டு.

கடைசியில் அவரிடமே கேட்டேன். அவருக்கு உடம்பு முடியாமல் இருந்த நாள் அது. அந்த மர நாற்காலியில்தான், இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டு, குளத்துக்கரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. வேணும்னுதானே அந்த நாற்காலியப் போட்டீங்க?"

"போடா, கிறுக்குப்பயலே. மனுசன் நின்னுக்கிட்டு இருந்தாருடா. நிக்கிறது எப்புடி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?"

"அதுக்கு ஆடுற நாற்காலியா?"

"என்கிட்ட இருந்தது அதுதானே" என்றார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மிராசுதாரும் போய்விட்டார். அவர் பிள்ளைகள் எங்கெங்கோ உத்தியோகத்தில் இருக்கிறார்கள். காத்தாயி அக்காவைச் சுடுகாட்டுக்கு நாவல் மரத்தடி வழியாகத்தான் கொண்டுபோனோம். அதை நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம், எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வாழ்நாளில் முதல் தடவையாகக் காலைத் தொங்கப்போட்டிருந்தது. நாற்காலியார் இருந்திருந்தால் இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

குளத்துக்கரையில் இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. சின்னப்பயல்கள் காலை நீட்டி, கைப்பிடியில் சாய்ந்து, செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வந்தாலும் எழுந்திருப்பதில்லை. நான் போனாலும் எழுந்திருப்பதில்லை. முதலில் கொஞ்சம் கோபம் வரும். அப்புறம் சிரிப்பு வரும்.

நான் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துத் தரையில் போட்டு, கையால் அழுத்தி ஆட்டிப் பார்ப்பேன். ஆடவில்லை என்றால் அதை வேறு யாருக்காவது தள்ளிவிட்டு, அடுத்ததை எடுப்பேன்.